ஆம்பிளை கேட்ட மெஷின்

போன கிழமை கொழும்பில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் ஏசிக் குளிரில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். கழுத்துப்பட்டி கட்டிய பொடியன் ஒருவன், "கணினிப் பிரிவை நம்பியிருக்கத் தேவையில்லை, உங்கள் அலுவலகத்துக்கு வேண்டிய மென்பொருளை நீங்களே செய்யலாம்" என்றான். செய்தும் காட்டினான். குடும்பங்களைப் பதிகிற ஒன்று. அவன் வரைந்த முதல் பெட்டி: குடும்பத் தலைவர். எல்லாரும் கைதட்டினார்கள். நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். பாதிக் காரணம் மண்டபத்து ஈரக் கம்பளத்தின் நாற்றம்.

அதே நாற்றம்தான் சுனாமிக்குப் பிறகு நான் வேலை செய்த மட்டக்களப்பு நிவாரண அலுவலகத்திலும். நனைந்த கூடாரங்களைச் சுருட்டி என் மேசைக்கு அடியில் திணித்திருந்தார்கள். அவற்றின்மேல் காலை வைத்துக்கொண்டுதான் தட்டச்சு செய்வேன். பக்கத்து மேசையில் ரெஜினா அக்கா, டவுன் பறங்கிப் பெண், போர்த்துக்கீசர் வழிவந்தவள். அவள் சுட்டுக் கொண்டுவரும் கேக்கிலும் பூஞ்சண மணம் ஏறிவிடும். ஆனாலும் ஒரு துண்டு மிஞ்சாது, அதை விடுங்கள்.

வீட்டுத் திட்டத்துக்கென்று கொழும்புத் தலைமையகம் ஒரு மென்பொருள் அனுப்பியிருந்தது. ஆண் பெயர் இல்லாவிட்டால் அதில் பதிவு ஏறாது. எங்கள் பக்கத்தில் வீடும் அது நிற்கிற வளவும் பெண்ணுக்கு; மாப்பிள்ளைதான் வந்து குடியிருப்பவர். வாகரைக் கிராமத்துத் தங்கேஸ்வரியின் வளவு, தாய் பத்திரம் எழுதாமல் வாய்ச்சொல்லாகக் கொடுத்த சீதனம். வீட்டையும் புருசனையும் கடல் கொண்டுபோய்விட்டது. மெஷின் அவளை ஏற்கவே இல்லை.

"மெஷினுக்கும் ஆம்பிள வேணுமாம்கா," என்றாள் ரெஜினா அக்கா. "நாமளே ஒண்டு செய்வம் புள்ள."

எக்செல்லில் செய்தோம். கூட்டல் மட்டும் தெரியும். மிச்சத்தைத் திட்டித் திட்டிப் படித்தோம். ஒருமுறை நான் வாகரை முழுவதையும் அழித்துவிட்டேன். கடல் விட்டுவைத்ததை நான் முடித்துவிட்டேன் என்று அக்கா பகிடி பண்ணினாள். மறுபடி ஏற்றினோம். முதல் பெட்டிக்கு நாங்கள் வைத்த பெயர், வளவுக்காரி.

பிறகு வாகரையில் சண்டை, ஓட்டம், முகாம். போர் முடிந்து வீடு கட்டுகிற காலம் வந்தபோது, தலைமையகக் கணினி அதிகாரி ஒருவர் வந்தார்.

"இத யார் செய்யச் சொன்னது? நாங்க எதுக்கு இருக்கிறோம்?"

ரெஜினா அக்காவின் கேக்கைத் தின்றுகொண்டே எங்கள் எக்செல் கோப்பை அழித்தார். விரலை நக்கிவிட்டு என் விசைப்பலகையில் துடைத்தார். சீ! இப்போது நினைத்தாலும் அருவருக்கிறது.

பதிவெல்லாம் மறுபடி தலைமையக மென்பொருளுக்குப் போனது; அது கேட்ட ஆண் பெயருக்குக் கொழுந்தனை ஏற்றினார்கள். தங்கேஸ்வரியின் வளவில் வீடு எழும்பியது, அவள் கொழுந்தன் பெயரில். அலுவலகத்துக்கு வந்து நின்றாள்.

"எங்கட அம்மா தந்த வளவு, புள்ள. அவன் ஆருகா அதில?"

"கொழும்புக்கு எழுதியிருக்கம் அக்கா," என்றேன். எழுதியும் இருந்தோம். ஆண் உறுப்பினரின் பெயர் சரியாகவே பதியப்பட்டுள்ளது என்று பதில் வந்தது.

ரெஜினா அக்கா ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டாள். அலுவலகம் இருந்த வீடு இன்று விருந்தினர் விடுதி. தங்கேஸ்வரி சித்தாண்டியில், தங்கை வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டிலில் இருக்கிறாள்.

"யாராவது முன்பே இப்படி ஏதும் செய்திருக்கிறீர்களா?" என்று பொடியன் கேட்டான். நான் கையை உயர்த்தவில்லை. காட்ட என்ன இருக்கிறது? வாகரையில் அந்த வீட்டு முன்சுவரில் கொழுந்தன் பெயர் பதித்த சீமெந்துப் பலகை இருக்கிறது. தங்கேஸ்வரியை வளவுக்காரி என்று எழுதியிருந்த ஒரே இடம் எங்கள் கோப்புத்தான்.