மேட்டைச் சமன்படுத்திய வாரம்

எங்கள் பல்கலைக்கழக ஹாக்கி மைதானம் என்றாலே முதலில் கண்ணுக்குள் வருவது, இடது ஓரத்தில் கோலுக்குச் சற்று முன்னால் இருந்த மண்மேடுதான். பந்து அங்கே வந்ததும் விசுக்கென்று துள்ளும். வெளியூர் அணிகள் அதில் தடுமாறி, எங்களைத் திட்டிக்கொண்டே பஸ் ஏறும். இடது ஓரத்தில் ஆடும் எங்கள் லெஃப்ட் அவுட்டுக்கோ அது வரப்பிரசாதம். துள்ளுவதற்கு முன்பே மட்டையைத் தூக்கி, அந்தரத்திலேயே பந்தை அமுக்கிக்கொண்டு பறப்பான். பாவிப்பயல், என்ன அழகு அது!

சிந்தாதிரிப்பேட்டையில் கூவம் கரைக் குடிசையில் அவனும் அம்மாவும் மட்டும். எழுபதுகளின் தொடக்கத்தில், ஒரு வங்கி தன் அணிக்கு ஆள் எடுக்க எங்கள் மைதானத்துக்கே வருவதாகச் செய்தி வந்தது. நிரந்தர வேலை. அவனுக்குத்தான் என்று நாங்கள் முடிவே கட்டிவிட்டோம். பெரிய மனிதர்கள் வரும்போது மைதானம் இந்த லட்சணத்திலா இருப்பது என்று, அந்த வாரம் முழுக்க மேட்டைச் செதுக்கி, தண்ணீர் தெளித்து, ரோலர் இழுத்தோம். எல்லோரையும்விட அதிகம் இழுத்தவன் அவன்தான்.

ஆட்டத்தன்று பந்து அந்த இடத்தில் தரையோடு தரையாக வந்தது. பழக்கதோஷம், அவன் மட்டை மேலே போனது. பந்து அடியில் நழுவிப்போனது. மறுபடியும் வந்தது, மறுபடியும் அப்படியே. மேடு இல்லை என்பது அவனுக்குத் தெரியாதா? கைக்குத்தான் தெரியவில்லை. வந்தவர்கள் எங்கள் ரைட் அவுட்டை எடுத்துக்கொண்டார்கள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, அதுதான்.

"நான்தான மச்சி ரோலர இஸ்த்தேன்" என்று மட்டும் சொன்னான்.

அவனோடு நானும் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா, மகனுக்கு பேங்க் வேலை என்று தெருவுக்கே சொல்லிவிட்டு, வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைத்திருந்தார். உண்மையைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. வேலைக்கான ஆர்டர் தபாலில் வரும் என்று சொல்லிவிட்டான். பிறகு துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனான். ஆர்டர் வரும்வரைக்கும்தானே என்று அம்மாவும் பொறுத்துக்கொண்டார். நான் போகும்போதெல்லாம் தபால்காரரைப் பற்றியே பேச்சு.

இப்போது அந்த மைதானத்தில் பச்சைச் செயற்கைத் தரை போட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்தால் எனக்கு ஆட்டம் நினைவுக்கு வருவதில்லை. கூவம் கரைக் குடிசைகளைக் காலி செய்த நாள்தான் வருகிறது. சாமான்களெல்லாம் லாரியில் ஏறியாயிற்று. அவன் கூப்பிட்டும் அம்மா வாசலைவிட்டு எழுந்திருக்கவில்லை. நான் போய்க் கையைப் பிடித்தேன்.

"நீயாவது அவனாண்ட சொல்லு கண்ணு. நாம போய்ட்டா, ஆர்டர எட்த்துகினு வர்றவன் யாராண்ட குடுப்பான்?"

லாரியில் நின்றிருந்த அவன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.