சீர்வரிசையில் நின்ற ஆறு கியர் வண்டி

போன வாரம் குன்றக்குடி சாலையில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். ஒரு பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி நீலப் புகையை முகத்தில் ஊதிவிட்டுப் போனது. பக்கத்திலிருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் நன்றாக இழுத்து முகர்ந்தேன். சிரிக்காதீர்கள், எனக்கு அது கல்யாண வாசனை.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களை வளவு, அதாவது வீட்டு நடுமுற்றம், முழுக்கப் பரப்பி வைப்பது வழக்கம். என் கல்யாணத்தில் அண்டா, குண்டான், ஊறுகாய் ஜாடிகளுக்கு நடுவே ஒரு ஜப்பான் மோட்டார் சைக்கிளும் நின்றது! என் அப்பா, நாங்கள் கூப்பிடுவது அப்பச்சி, கல்யாணப் பேச்சு எடுப்பதற்கு முன்பே பினாங்கிலிருந்து கப்பலில் ஏற்றிவந்தது. வரப்போகும் மாப்பிள்ளைக்காம். மாப்பிள்ளை அமையும் வரை யாரும் அதைத் தொடக்கூடாது.

தொடாமல் இருப்பேனா? யாரும் இல்லாதபோது ஏறி உட்கார்ந்து, ஓடாத வண்டியில் கிளச்சும் கியரும் பழகினேன். கூட வந்த கம்பெனிப் படப் புத்தகம் மனப்பாடம். ஐம்பது சிசி குட்டி வண்டி, எண்பது, நூற்றிருபது, எங்களுடைய இருநூற்றைம்பது, அதற்கும் மேலே ஐந்நூறு. எங்கள் வண்டிக்கு ஆறு கியர். ஊரில் உறுமிக்கொண்டு திரிந்த பெரிய வண்டிக்கே நாலுதான்! அந்தக் கம்பெனி ஆதியில் தறி செய்ததாம். உலகப் போருக்குப் பிறகுதான் சைக்கிளில் எஞ்சின் பொருத்தி விற்க ஆரம்பித்ததாம். இதைப் படித்துக் காட்டினால் ஆத்தா, அதுதான் என் அம்மா, தன் கண்டாங்கிச் சேலையை நீவிக்கொண்டு, "தறி செஞ்சவனா? அப்ப நூல் புடிச்ச மாதிரி போகும். நீ ஏன்டி துள்ளுறே? ஓட்டப்போறது மாப்பிள்ளை" என்றாள்.

எனக்கு வயிறு எரிந்தது. ஒரே ஒரு தடவை ஓட்டிவிட்டால் போதும் என்றிருந்தது.

கல்யாணத்தன்று எல்லோரும் மாப்பிள்ளையை மொய்த்துக்கொண்டார்கள். "ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க மாப்பிள்ளை!" அவர் நல்ல நேரம் பார்க்கவேண்டும் என்று நழுவினார். கானாடுகாத்தானில் அவர் வீட்டுக்குப் போனபிறகுதான் காதோடு சொன்னார்: "எனக்கு சைக்கிளே வராது. யார்ட்டயும் சொல்லிராத."

"எனக்கு வரும்!" என்றேன். கூச்சமாவது ஒன்றாவது.

பக்கத்தில் போர்க்காலத்தில் போட்டுக் கைவிட்ட விமான ஓடுபாதை கிடந்தது. காலையில் அதுவரை வண்டியைத் தள்ளிக்கொண்டே போனோம். எதிரே வந்தவர், "என்ன தம்பி, புது வண்டியத் தள்ளிக்கிட்டுப் போறீக?" என்றார். "பெட்ரோல் இல்லீக" என்றார் இவர், டேங்க் தளும்பத் தளும்ப!

கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். முதலில் குதித்துக் குதித்து நின்றுபோனது. அப்புறம் பிடித்தது பாருங்கள் ஓட்டம்! பின்னால் இறுகப் பிடித்திருந்தவர் ஒவ்வொரு கியருக்கும் அலறினார்.

"இன்னும் கியர் இருக்கா?"

"இருக்கு!"

"ஆத்தாடி, இன்னுமா?"

"இருக்கு!"

ஆறாவதில் நானும் கத்தினேன், சந்தோஷம் தாங்காமல்.

அவர் கடைசிவரை ஓட்டப் பழகவேயில்லை. "நீ இருக்கையில எனக்கெதுக்கு?" என்பார். இங்கே கிடைக்காத பிஸ்டன் ரிங்கை பினாங்கிலிருந்து வாங்கிவர ஆள் தேடியே வண்டி ஓய்ந்தது. அந்தக் கம்பெனியும் புகை விடாத ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு மாறிவிட்டது. அவரும் போய்விட்டார்.

போன வாரம் குன்றக்குடி சாலையில் அந்தப் பழைய வண்டி வளைவில் மறையும்வரை கியர் மாறும் சத்தத்தை எண்ணிக்கொண்டு நின்றேன். நாலோடு முடிந்துவிட்டது. இன்னும் இருக்கா என்று கேட்க, பின்னால் ஆளில்லை.