திருகோணமலை வரைபடத்துக்கு நான் ஒட்ட மறுத்த லேபிள்

1. வெறும் தாள்

கண்காட்சி திறக்க இரண்டு நாள் இருந்தபோது, பத்தொன்பது வருட வேலையில் முதன்முறையாக ஒன்றைச் செய்ய முடியாது என்று சொன்னேன். மொன்றியல் பழைய துறைமுகப் பக்கம் உள்ள சிறிய அருங்காட்சியகம் அது. நான் டெக்னீஷியன். பொருளைத் தாங்கி நிற்க மவுண்ட் செய்வது, ஷோகேஸில் வைத்து லெவல் பார்ப்பது, லைட் பிடிப்பது, கடைசியாக லேபிள் ஒட்டுவது என் வேலை. லேபிளில் என்ன எழுதுவது என்பது கியூரேட்டரின் வேலை.

அந்த முறை கடற்பயணங்கள் பற்றிய கண்காட்சி. பெட்டியைத் திறந்து ஒரு வரைபடத்தை எடுத்தேன். திருகோணமலைக் குடா. நான் பிறந்த ஊர். பிரெஞ்சுக் கடற்படைக்காரர் ஒருவர் இருநூறு வருடங்களுக்கும் முன்னர் வரைந்தது. கடல் முழுக்க ஆழத்தின் இலக்கங்கள். கரையில் பீரங்கி மேடைகள், ஒவ்வொன்றிலிருந்தும் குண்டு போய் விழும் தூரத்துக்கு ஒரு வளைவுக் கோடு. அதற்கு அப்பால் ஒரு ஊரின் பெயர்கூட இல்லை. எங்கள் வீடு இருந்த இடத்தில் வெறும் தாள்.

லேபிள் சொன்னது வேறு. அறிவுத் தாகம்தான் மாலுமிகளை இந்தத் தொலைதூரத் துறைமுகத்துக்கு அழைத்து வந்ததாம்.

அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வாசலில் செக்யூரிட்டியாக நின்ற சிவம் அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர். அடுத்த மாதம் எனக்குச் சீனியர் பதவிக்கான நேர்முகம் இருப்பது அவருக்குத் தெரியும்.

“பேசாமல் ஒட்டிப்போட்டு வாரும் தங்கச்சி. ஆர் உதை வாசிக்கப் போயினம்?”

“நான் வாசிச்சிட்டன் அண்ணை.”

2. மேல்மாடியில் ஒரு சொல்

நான் ஒட்ட மறுக்கிறேன் என்று கேள்விப்பட்டு கியூரேட்டர் லூக் கீழே வந்தார். கெட்ட மனிதர் இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பொறுமையாக என் பிரெஞ்சைத் திருத்தியவர். அந்தப் பிரெஞ்சிலேயே அவரோடு வாதாடினேன்.

படத்தைக் காட்டிச் சொன்னேன். புயல் காலத்தில் சென்னைப் பக்கக் கரையில் போர்க்கப்பல் ஒதுங்க இடம் கிடையாது. எங்கள் குடாவில் உண்டு. அதைப் பிடித்தவன் வங்காள விரிகுடாவில் மற்றவனின் வியாபாரத்தை மறிக்கலாம். விட்டால் மற்றவன் பிடித்துவிடுவான். அந்தப் பயத்தில்தான் டச்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்தார்கள்; அதே வருடம் ஆங்கிலேயரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் பிடித்தார்கள். அறிவுத் தாகத்துக்குப் பீரங்கி எதற்கு?

லூக் பொறுமை இழந்தார். ஒட்டுவது மட்டும்தான் என் வேலை என்றார்.

எங்கள் மேல்மாடியில், இந்தக் கெபெக் மாகாணத்தைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்த கதை இருக்கிறது. சுவரில் ‘கொங்கேத்’ என்று பெரிய எழுத்து. படையெடுத்துக் கைப்பற்றியது என்று பொருள். அந்தச் சொல்லையும் ஒட்டியது நான்தான். அவரிடம் கேட்டேன்:

“அதே ரெண்டு நாடு, கிட்டத்தட்ட அதே காலம். உங்கட ஊரைப் பிடிச்சால் கொங்கேத். எங்கட ஊரைப் பிடிச்சால் அறிவுத் தாகமோ?”

அவர் மேலே போய்விட்டார்.

3. கடைசி வசனம்

பின்னேரம் டிரெக்டர் எச்சரிக்கைக் கடிதம் தந்தார். கட்டளையை மீறினேன் என்று எழுதியிருந்தது. அது உண்மைதான். ஆனால் ‘வருந்துகிறேன்’ என்ற இடத்தில் கையெழுத்து வைக்க மாட்டேன் என்றேன். புறநகர் ரொக்ஸ்பரோவில் உள்ள வீட்டுக்குத் திரும்பினேன். வேலை போய்விடும் என்றே நினைத்தேன்.

மறுநாள் காலை லூக் எனக்கு முன்பே வேர்க்ஷொப்பில் இருந்தார். லூப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து அந்த வளைவுக் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில், அச்சுக்குப் போகுமுன் திருத்துவதற்கான, புதிய லேபிளின் புரூஃப். ஆழமான துறைமுகத்துக்காகவும், எதிரிக்கு அது கிடைத்துவிடக்கூடாது என்பதற்காகவும் போர்த்துக்கல் உட்பட நான்கு ஐரோப்பிய நாடுகள் இதற்குச் சண்டையிட்டன என்று எழுதியிருந்தார். ‘அங்கே வாழ்ந்தவர்களை எவரும் கேட்கவில்லை’ என்று ஒரு கடைசி வசனம். அதை டிரெக்டர் சிவப்பு மையால் வெட்டியிருந்தார்.

“அது இல்லாமல் நான் ஒட்டமாட்டன்,” என்றேன்.

“தெரியும்,” என்றார் லூக். வெட்டிய வசனத்தோடு சேர்த்தே பிரிண்டுக்கு அனுப்பிவிட்டு, அவரே டிரெக்டரின் அறைக்குப் போனார். உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. மத்தியானம் லேபிள் வந்தது. கடைசி வசனம் இருந்தது. லெவல் பார்த்து ஒட்டினேன்.

சீனியர் பதவி எனக்குக் கிடைக்கவில்லை. கடிதம் இன்றும் என் பைலில் கிடக்கிறது, கையெழுத்து இல்லாமல். அதை எடுத்துவிடச் சொல்லி நான் யாரிடமும் கேட்டதில்லை, கேட்கவும் மாட்டேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் மவுண்ட் செய்வதை மூன்று மாதத்தில் பழகிக்கொள்ளலாம். நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். ஒட்டுவதற்கு முன் வாசியுங்கள்.