ஜமீலா வெட்டச் சொன்ன வளையம்

வியாழக்கிழமை மதியம் ராஜபாளையம் சந்தையில் நின்றிருந்தபோது காஜாவிடமிருந்து போன் வந்தது. அவர் ஜமீலாவின் தம்பி. ஸ்ரீவில்லிபுத்தூரில் துணிக்கடை வைத்திருக்கிறார். "அண்ணே, அக்கா மவுத்தாயிட்டாக. நெஞ்சு வலின்னாக, ஆஸ்பத்திரி போய்ச் சேரலை. சாயந்தரம் எடுக்கோம், வெரசா வாங்க" என்றார்.

நானும் ஜமீலாவும் ஒரே வருடம் ஒரே தொழிற்சாலையில் சேர்ந்தவர்கள். அணு உலைகளுக்கான பெரிய இரும்புப் பாகங்கள் செய்யும் இடம். காற்றை உறிஞ்சி எடுத்துவிட்ட பெரிய அறைக்குள் பீம் என்று நாங்கள் சொல்லும் எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சி, ஒரு சாண் கன இரும்பை ஒரே ஓட்டத்தில் ஒட்டுவோம். ஒட்டியது சரியா என்று பார்ப்பது ஜமீலாவின் வேலை.

ஒருமுறை பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்த வன்னியம்பட்டிக்காரம்மா அவரிடம் கேட்டார்: "அணு உலைச் சாமான் செய்யுத எடமா? பயமா இல்லையாம்மா?" ஜமீலா சிரித்தார். "பயம் இருக்கதுனாலதான் என்னைய அங்க வச்சிருக்காக."

இதைப் படிக்கும் எங்கள் தொழிற்சாலைக்காரர்கள் பலருக்கு அந்த வளையம் நினைவிருக்கும். ஆள் உயரத்துக்கு மேல் இருந்த இரண்டு இரும்பு வளையங்களை ஒன்றாக்க வேண்டும். காந்தக் கிரேனில் தூக்கியதால் இரும்பில் காந்தம் தங்கிவிட்டது. மீட்டரை வைத்துப் பார்த்த ஜமீலா, "காந்தம் இன்னும் இறங்கலை, பீம் வளைஞ்சிரும்" என்றார். அவர் வேறு ஷெட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து மேலாளர் வேலையை ஓட்டிவிட்டார். மேலே பார்க்க வெல்டிங் அத்தனை அழகு. சோதனைக் கருவியிலும் தெளிவாக எதுவும் தெரியவில்லை.

"கையெழுத்துப் போடுங்கம்மா" என்றார் மேலாளர்.

"வெட்டிப் பாத்துட்டுப் போடுதேன் சார்."

வெட்டினால் பல மாத உழைப்பு வீண். ஜமீலாவுக்குப் பதிலாகக் கையெழுத்துப் போடும் உரிமை எனக்கும் இருந்ததால் காகிதம் என் மேசைக்கு வந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். இதை மறைத்துவிட்டு அவருக்கு அஞ்சலி எழுத எனக்கு உரிமை இல்லை.

ஜமீலா வந்து நின்றார். சத்தம் போடவில்லை. "ராஜா, உங்களுக்கும் காந்தம்னா என்னன்னு தெரியும். தெரிஞ்சேல்ல போட்டிருக்கீங்க."

அவரை ஸ்டோருக்கு மாற்றினார்கள். அங்கே நட்டு, போல்ட் எண்ணும் வேலை. அங்கிருந்தே திங்கட்கிழமைதோறும் மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். எல்லாவற்றிலும் ஒரே வரிதான்: வளையத்தை வெட்டிப் பார்க்கவும். ஆறாவது கடிதம் என் மேசையைத் தாண்டிப் போன அன்று, மேலாளர் அறைக்குப் போய் என் கையெழுத்தை நானே அடித்துவிட்டு வந்தேன். கையெழுத்து இல்லாத வளையம் வாசலைத் தாண்ட முடியாது. வேறு வழியில்லாமல் வெட்டினார்கள்.

வெட்டுமுகத்தைத் தேய்த்து அமிலம் பூசியதும் எல்லாம் தெரிந்தது. மேலே நேராக இறங்கிய கற்றை, உள்ளே போகப் போக இணைப்பை விட்டு விலகியிருந்தது. அடியில் கால்வாசி ஒட்டவே இல்லை.

ஸ்டோரிலிருந்து வந்த ஜமீலா குனிந்து பார்த்தார். "அடுத்ததுக்காவது மொதல்ல காந்தத்த இறக்குங்க" என்றார். யாரும் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. மறுநாள் காலையில் ஸ்டோரிலிருந்து தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து பழைய இடத்தில் போட்டு உட்கார்ந்தார்.

நேற்று தொழிற்சாலையில் இரங்கல் கூட்டம். "எல்லோரையும் அனுசரித்துப் போனவர்" என்று மேடையில் ஒருவர் பேசினார். நான் எழுந்தேன்.

"இல்ல சார். அவிய அனுசரிச்சுப் போகலை. ஒரு நாளும் போகலை. அதச் சொல்லுங்க."

உட்காருங்கள் என்று இரண்டு பக்கமிருந்தும் கை காட்டினார்கள். பேசியவர் தாளைப் புரட்டினார். ஜமீலாவிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது இந்த விடாப்பிடி ஒன்றுதான். மேடையில் பேசியவர் அதைத் திருத்திச் சொல்லும்வரை நான் உட்காரவில்லை.