கத்தியது கிட்டார்

மரக்காணத்தில் செல்போன் ரிப்பேர் கடையில் வேலை பார்க்கும் கீதாஞ்சலி, ஞாயிறுதோறும் மாதா கோயில் பாடல் குழுவில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பாள். கொஞ்ச நாளாக வால்யூமைக் கூட்டினாலே கிட்டார் வீலென்று அலறியது.

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்கும்மா இது? இனிமே பாட்டு மட்டும் பாடு" என்றார் குழுத் தலைவர் சாலமன், எல்லார் முன்னாலும்.

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. போன மாதத் திருவிழாவில் அவருடைய மச்சான் அசோகன் அவளிடம் இரவல் வாங்கி வாசித்தபோதும் இதே கிட்டார் அலறத்தான் செய்தது. அன்று அவர் திட்டியது ஸ்பீக்கர்காரரை.

மறுநாள் உப்பளத்திலிருந்து திரும்பிய அம்மா ராசம்மாள், "விட்டுடேண்டி" என்றாள்.

"தப்பு எம்மேல இருந்தா விட்டிருப்பேம்மா."

கிட்டாரை ஸ்பீக்கரில் செருகி, கம்பிகளுக்குக் கீழே அவற்றின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பில் வாய் வைத்து "ஹலோ" என்றாள். ஸ்பீக்கரில் "ஹலோ" கேட்டது. உள்ளே சுற்றியிருந்த மெல்லிய செம்புக் கம்பி தளர்ந்துபோய், மைக் போல அதிர்ந்துகொண்டிருந்தது. மெழுகுவத்திகளை டப்பாவில் போட்டு, வெந்நீரில் வைத்து உருக்கினாள். பிக்கப்பைக் கழற்றி அதில் முக்கி, குமிழி அடங்கிய பிறகு எடுத்து ஆறவைத்தாள். உள்ளே புகுந்த மெழுகு இறுகி, செம்புக் கம்பியை அசையாமல் பிடித்துக்கொண்டது.

அடுத்த ஞாயிறு யாரையும் கேட்காமல் கிட்டாரோடு போய் நின்றாள். வால்யூமை முழுதாகத் திருப்பி வாசித்தாள். அலறலே இல்லை.

பூசை முடிந்ததும் சாலமன் சிரித்தார். "பாத்தியா, ஒரு சத்தம் போட்டதும் ஒழுங்கா வாசிக்கிற."

"கத்துனது கிட்டாருண்ணே. அத நான் சரி பண்ணிட்டேன். இன்னொரு தடவ என்னைப் பாட்டு மட்டும் பாடச் சொன்னா, இங்கயே நானும் கத்துவேன்."

சாலமன் பாட்டுப் புத்தகங்களை அடுக்கத் தொடங்கினார். மன்னிப்புக் கேட்கவில்லை. அவளுக்கும் கோபம் ஆறவில்லை.