தெலுங்குக்கு என்ன எழுத்து?

எங்கள் ஓசூர் கம்பெனியில் லாரிகளை அனுப்பிவைப்பவர் காவேரிப்பட்டினத்து மஞ்சுளா அக்கா. வலது கையில் எப்போதும் போன் இருக்கும்.

இன்று காலை ஒரு டிரைவர் அத்திப்பள்ளி செக்போஸ்டில் மாட்டிக்கொண்டார். பில்லில் வண்டி எண் தப்பு.

அக்கா அவரிடம் கன்னடத்தில் பேசிக்கொண்டே இடது கையால் ஏதோ தட்டினார். மவுஸைத் தொடவே இல்லை, டிரைவர்கள் பட்டியல் திரையில் வந்து நின்றது. சரியான எண்ணைப் பார்த்துப் புது பில்லைச் செக்போஸ்டுக்கு ஃபேக்ஸ் செய்தார். வண்டி கிளம்பிவிட்டது.

"எப்படிக்கா?" என்றேன்.

"கன்ட்ரோல், ஆல்ட், கே. கன்னட டிரைவருங்க லிஸ்டு. ஐகான்ல ரைட் கிளிக் பண்ணி, ப்ராப்பர்ட்டீஸ்ல 'ஷார்ட்கட் கீ'ங்கற இடத்துல எழுத்தைக் குடுத்துட்டாப் போதும். தமிழுக்கு டி."

"தெலுங்குக்கும் டி தானே வரும்?"

"அதுக்கு ஜி. அவங்கள எல்லாம் மரியாதையா 'காரு'ன்னு தானே கூப்பிடறேன், ஜி-ஏ-ஆர்-யு!"

உடனே என் கணினியிலும் ஆறு எழுத்துகள் வைத்தேன். மதியத்துக்குள் எது எதற்கு என்று குழம்பிவிட்டது. மெயிலைத் திறக்க நினைத்துத் தட்டினால் சீட்டாட்டம் வந்தது. பின்னால் மேனேஜர்.

"இதுக்கு எந்த எழுத்து வெச்சிருக்கீங்க?"

"எஸ், சார்."

தலையாட்டிவிட்டுப் போனார். திட்டினாரா, கற்றுக்கொண்டாரா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.