பின் கேட்டுக்கு நான் போட்ட கையெழுத்து

என் மகள் எட்டாம் வகுப்புக்குப் போன வருஷம் என்னைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினராகப் போட்டார்கள். நான் கேட்டு வாங்கிய பதவி இல்லை. பெற்றோர் கூட்டத்தில் பெண்கள் வேண்டும் என்றார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் என் கையைப் பிடித்து மேலே தூக்கிவிட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள், அவ்வளவுதான்.

நெய்வேலியில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் காண்ட்ராக்டில் துப்புரவு வேலை எனக்கு. காலை ஆறு மணிக்கு ஷிப்ட் தொடங்கி இரண்டு மணிக்கு முடியும். வீடு டவுன்ஷிப்புக்கு வெளியே, சுரங்கத்துக்கு நிலம் போனவர்களுக்கு ஒதுக்கிய குடியிருப்பில். அங்கிருந்து அரசுப் பள்ளி ரொம்பப் பக்கம். பின்பக்க கேட் வழியாகப் போனால் பிள்ளைகளுக்குப் பத்து நிமிஷம்.

குழுக் கூட்டம் மூன்று மணிக்கு. நான் போய்ச் சேரும்போது பாதி பேசி முடித்திருப்பார்கள். தீர்மான நோட்டு கைமாறிக் கைமாறி வரும். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று மட்டும் பார்ப்பேன். படிக்கத் தெரியாதவள் இல்லை, பத்தாவது முடித்தவள்தான். காலையிலிருந்து நின்ற கால்வலியும், வீட்டில் ஊறவைத்துவிட்டு வந்த துணியும்தான் அந்த நேரத்தில் மனசில் இருக்கும்.

ஒருநாள் சாயங்காலம் மகள் முழங்கை சிராய்த்து, யூனிபார்ம் முழுக்கச் சேறாக வந்து நின்றாள். மெயின் ரோட்டில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் லாரிக்கு ஒதுங்கியவள் பள்ளத்தில் சறுக்கிவிட்டாளாம்.

"மெயின் ரோட்டுல உனக்கு இன்னாடி வேல?"

"பின் கேட்டப் பூட்டிட்டாங்கம்மா. பத்து நாளா சுத்திக்கினுதான் வர்றோம்."

பத்து நாளாக அவள் தாமதமாக வருவதைக் கவனித்திருந்தேன். விளையாடிவிட்டு வருகிறாள் என்று இரண்டு முறை திட்டியும் இருக்கிறேன்.

"யாரைக் கேட்டுப் பூட்டுனாங்க?" என்றேன் கோபமாக.

அவள் குழாயடியில் முழங்கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "உன்னைக் கேட்டுத்தான். நீயும் கையெழுத்து போட்டுருக்கியாம். டீச்சர் சொன்னாங்க."

அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். மஞ்சளைக் குழைத்துப் பூசிவிட்டேன்.

மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் வேலைக்குப் போட்ட கோட்டைக்கூடக் கழற்றாமல் பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியை தெற்குச் சீமைக்காரர். கணவர் அனல்மின் நிலையத்தில் பர்மனென்ட் வேலையில் இருந்ததால் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் குடியிருந்தார். தீர்மான நோட்டைக் கேட்டேன். எடுத்துக் கொடுத்தார். 'வளாகத்தின் பாதுகாப்புக் கருதிப் பின்பக்க நுழைவாயிலை நிரந்தரமாகப் பூட்டுவது என ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.' கீழே ஐந்தாவதாக என் கையெழுத்து.

"மேடம், இதைப் படிக்காமலே போட்டுட்டேங்க. எங்க பக்கத்துப் புள்ளைங்கல்லாம் அந்த வழியாத்தாங்க வருது. இப்ப லாரி ரோட்டுல நடக்குதுங்க."

படிக்காமல் ஏன் போட்டாய் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"அந்த வழியா இவ்வளவு பிள்ளைக வருதுன்னு எனக்கே தெரியாதும்மா. கூட்டத்துல யாரும் ஒண்ணும் சொல்லல, எல்லாருக்கும் சம்மதம்னு நினைச்சுட்டேன்."

"உங்களுக்குத் தெரியும்னு நாங்க நெனச்சிக்கினு இருந்தோங்க."

அவர் நோட்டை மூடி வைத்தார். "மறுபடியும் கூட்டம் போடுவோம். பிள்ளைகளையும் உட்கார வைப்போம். நடக்கிறது அவங்கதானே" என்றார்.

சனிக்கிழமை கூட்டத்துக்கு என் மகளோடு இன்னும் நாலு பிள்ளைகள் வந்திருந்தார்கள். கேட்டைப் பூட்டச் சொன்னவர் குழுவில் இருந்த ஒரு பெரியவர், மைன்ஸில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். அவர் பிடிவாதக்காரர் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். ஆனால் அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

"லீவு நாள்ல உள்ள பூந்து குடிச்சிட்டு, பாட்டில ஒடைச்சிப் போட்டுட்டுப் போறானுங்க. ஆறாவது படிக்கிற புள்ள கால் கிழிஞ்சிப் போயி நான்தான் தூக்கிக்கினு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். தொறந்து வுட்டா மறுபடியும் அதே கததான்."

தலைமையாசிரியை பிள்ளைகள் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க" என்றார். என் மகள் எழுந்தாள்.

"லீவு நாள்ல தொறக்கச் சொல்லல சார். காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் தொறந்தா போதும்."

"அப்ப யாரு நின்னு பாத்துக்கிறது? வாட்ச்மேன் ஒருத்தருதான், அவரு முன்பக்கம் இருக்காரு."

அவள் தயங்கினாள். பிறகு, "ஒரு தடவ எங்ககூட நடந்து பாருங்க சார்" என்றாள். யாரோ சிரித்தார்கள். தலைமையாசிரியை சிரிக்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு, "வாங்க, போவோம்" என்று கிளம்பிவிட்டார்.

ரோட்டோரம் ஒருவர் நடக்கும் அளவுக்குத்தான் மண் இருந்தது, அதற்கப்பால் பள்ளமும் முள்ளும். பாதி தூரம் போயிருப்போம். லாரி கண்ணில் படுவதற்கு முன்பே என் மகள் கையை நீட்டினாள். பிள்ளைகள் ஒரே வரிசையாக ஒதுங்கி மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். அப்புறம்தான் வளைவில் லாரி வந்தது. பெரியவர்கள் நாங்கள் மட்டும் திசைக்கொருவராக முள்ளுக்குள் இறங்கினோம். யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை, சத்தத்தை வைத்தே பழகியிருந்தார்கள்.

பெரியவரின் வெள்ளைச் சட்டையில் சாம்பல் படிந்திருந்தது. வேட்டியில் மாட்டிய முள்ளை எடுத்தபடியே பிள்ளைகளைப் பார்த்தார். "போதும்மா. திரும்பலாம்" என்றார்.

திரும்பி வந்ததும் பேச்சு சீக்கிரம் முடிந்துவிட்டது. சாயங்காலம் நான் நிற்கிறேன் என்றேன், என் ஷிப்ட் அதற்குள் முடிந்துவிடும். இரண்டாம் ஷிப்ட் போகும் ஓர் அப்பா காலையில் வருவதாகச் சொன்னார். "ஆள் வராத அன்னிக்கு எனக்குப் போன் பண்ணுங்க. வூட்ல சும்மாதான் கெடக்கறேன்" என்றார் பெரியவர்.

தீர்மானத்தை எழுதியதும் ஒரு பிள்ளையை விட்டே உரக்கப் படிக்கச் சொன்னார் தலைமையாசிரியை. படித்து முடித்த பெண் உட்காரவில்லை. "மழைக்குச் சீக்கிரமா ஸ்கூல் வுட்டுட்டா?" என்று கேட்டாள். எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. அதற்கும் ஒரு வரி சேர்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டோம்.

திங்கட்கிழமை சாயங்காலம் கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். கூட்டமாகப் பிள்ளைகள் வந்தார்கள். என் மகள் தோழிகளோடு பேசிக்கொண்டே, என்னைத் தெரியாதவள் மாதிரி கடந்து போனாள். வெட்கம் போலிருக்கிறது. போகட்டும் என்று விட்டுவிட்டேன். கடைசிப் பிள்ளை போனதும் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், அவள் தட்டில் சோறு போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் பாயை விரித்து, விளக்கு வைக்கும் நேரம் என்றுகூடப் பார்க்காமல் படுத்துவிட்டேன்.

அதன் பிறகு ஒவ்வொரு கூட்டத்துக்கும் வகுப்புக்கு ஒரு பிள்ளை வந்து உட்காருகிறது. போன மாதம் தண்ணீர்த் தொட்டியை எங்கே வைப்பது என்று பேச்சு வந்து, பெரியவரும் பிள்ளைகளும் விட்டுக்கொடுக்காமல் வாதாடினார்கள். முடிவதற்குள் ஐந்தரை ஆகிவிட்டது. தலைமையாசிரியை எல்லோருக்கும் டீ வரவழைத்தார். நான் ஆற அமர உட்கார்ந்து குடித்தேன்.